லூஸாக விட்டால் தப்பில்லையா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின்களைப் பிரித்துக் கட்டுகிறவர்களிடம், பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது என்று கேட்டுப் பாருங்கள். ஊர் எதுவானாலும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: போரின், அதாவது சிலிண்டர் துளையின், விட்டத்தில் அங்குலத்துக்கு ஒரு தௌ, அதற்கு மேல் பயத்துக்கு ஒரு தௌ. டைட்டாக இருந்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். லூஸாக இருந்தால் கொஞ்சம் சத்தம் வரும், அவ்வளவுதானே? சத்தத்தோடு காலம் தள்ளலாம், ஜாமாகிப்போன எஞ்சினோடு தள்ள முடியுமா? கேட்பதற்கு மறுக்க முடியாத நியாயமாகத்தான் இருக்கிறது. தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மி.மீ. இவ்வளவு சின்ன தாராளத்தைப் போய்க் குறை சொல்வானேன்?

குறை சொல்லத்தான் வேண்டும். அந்த ஒரு தௌ பெரிதா சிறிதா என்று நான் வழக்காட வரவில்லை. ‘இந்த எஞ்சினுக்கு எவ்வளவு இடைவெளி?’ என்ற கேள்வியே பொருளற்றது என்கிறேன். எஞ்சினுக்கென்று ஓர் இடைவெளி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அது பிஸ்டனோடு பிறக்கிற அளவு. எந்த உலோகக் கலவை, வார்த்ததா அடித்துச் செய்ததா, ஸ்கர்ட் எனும் அதன் கீழ்ப்பகுதி என்ன வடிவம், எந்தச் சுவருக்குள் ஓடப்போகிறது, எந்த இடத்தில் அளக்க வேண்டும் என்பதையெல்லாம் கணக்கில் வைத்து பிஸ்டனைச் செய்தவர் தீர்மானித்தது. வெறும் பிளாக்கைப் பார்த்து அதை யாரும் சொல்லிவிட முடியாது. கார் பெயரைக் கேட்டுவிட்டுச் சொல்வது அதைவிட மோசம்.

இதற்குச் சாட்சி தொழிற்சாலைக் கையேடுகளிலேயே இருக்கிறது. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான எம்ஜிபியை எடுத்துக்கொள்வோம். ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட கார் அது. பழைய கார் பிரியர்களின் கொட்டகைகளில் இன்றும் அதிகமாகப் பிரிக்கப்படுகிற எஞ்சின்களில் அதன் 1798 சி.சி. எஞ்சினும் ஒன்று. போர் 80.26 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. தொடக்கத்தில் வந்த 18ஜி, 18ஜிஏ எஞ்சின்களுக்கு மூன்று மெயின் பேரிங்; 1964 கடைசியில் வந்த 18ஜிபிக்கு ஐந்து. போரும் ஸ்ட்ரோக்கும் மாறவில்லை. சுவர் அதே வார்ப்பிரும்பு. பிஸ்டன் மாறியது: முன்பு பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் கஜன் பின்னை அந்த ராடின் சிறு முனையே கவ்விப் பிடித்திருந்தது, 18ஜிபியில் பின் மிதந்து ஓட, இரு முனையிலும் சர்க்ளிப் வந்தது. இப்போது இடைவெளியைப் பாருங்கள். ஸ்கர்ட்டின் அடிப்பகுதியில் 18ஜிக்கு 0.046 முதல் 0.061 மி.மீ. வரை. 18ஜிபிக்கு 0.015 முதல் 0.030 மி.மீ. வரை. அதே காரில், அதே போரில், அதே ஆலை, தன் அளவைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டது. இடைவெளி எஞ்சினுடையது என்றால் இது எப்படி நடந்திருக்க முடியும்?

அங்குலத்துக்கு ஒரு தௌ கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். 80.26 மி.மீ. என்பது 3.16 அங்குலம், கணக்குப்படி 0.080 மி.மீ. 18ஜிபிக்கு ஆலை சொன்னதைப்போல இது ஏறக்குறைய மூன்றிலிருந்து ஐந்து மடங்கு. பயத்துக்கு இன்னொரு தௌ சேர்த்தால் 0.105. பெரிய போர் என்றால் பெரிய இடைவெளி என்கிற அடிப்படையாவது நிற்கிறதா என்றால் அதுவும் இல்லை. ஜாகுவார் இ-டைப்பின் 3.8 லிட்டர் எஞ்சினுக்குப் போர் 87 மி.மீ. எம்ஜிபியைவிட ஏழு மி.மீ. அகலம். அதன் கையேடு கேட்பதோ 0.028 முதல் 0.043 மி.மீ. மட்டும், சின்னப் போர் கொண்ட 18ஜியைவிடக் குறைவு. டாட்சன் 240ஸெட்டின் 83 மி.மீ. போருக்கு 0.025 முதல் 0.045. விட்டத்தோடு விகிதமாக வளருகிற அளவு ஒன்றையும் இந்தப் பட்டியலில் காண முடியவில்லை.

நம்மூர் அம்பாசடரில் ஓடிய 1489 சி.சி. எஞ்சினும் இதே பி-சீரிஸ் குடும்பத்துப் பிள்ளைதான். ஸ்ட்ரோக்கூட அதே 88.9 மி.மீ. ஆகவே டாக்ஸிக்குப் போட்டுப் பழகிய அளவை எம்ஜிபிக்கும் மனப்பாடமாகப் போட்டுவிடலாம் என்று ஒரு லேத் பட்டறைக்குத் தோன்றினால் ஆச்சரியமில்லை. குடும்பம் ஒன்று என்பதால் பிஸ்டன் ஒன்றாகிவிடாது.

அளவு இப்படி மாறுவதற்குக் காரணம் சூடு. வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 11 மைக்ரான் விரியும். 80 மி.மீ. விட்டத்தில் 100 டிகிரி ஏறினால் அது 0.09 மி.மீ. வரும். பிஸ்டனின் அலுமினியம் எவ்வளவு விரியும் என்பது கலவையைப் பொறுத்தது. பந்தய பிஸ்டன்களுக்குப் பெயர்போன 2618 கலவையில் சிலிக்கன் கிட்டத்தட்ட இல்லை. அதே 80 மி.மீ.யில் 0.18 மி.மீ. அளவுக்கு விரியும். சுமார் 12 சதவீதம் சிலிக்கன் உள்ள 4032 கலவை 0.155 மி.மீ. விரியும். வார்ப்பு பிஸ்டனில் சிலிக்கனை 16, 18 சதவீதத்துக்கு ஏற்றியவை இன்னும் குறைவாக விரியும். 2618க்கும் 4032க்கும் நடுவேயுள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்தாலே கிட்டத்தட்ட ஒரு தௌ. இரண்டையும் விளம்பரத்தில் ‘ஃபோர்ஜ்டு பிஸ்டன்’ என்ற ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். ‘ஃபோர்ஜ்டா? அப்படியானால் நாலு தௌ’ என்று சொல்கிறவர் எந்தக் கலவையைப் பற்றிப் பேசுகிறார்?

கலவையோடு கதை முடிவதில்லை. பிஸ்டன் பார்வைக்கு உருளை. அளந்தால் உருளை இல்லை. கீழிருந்து மேலே போகப்போகச் சிறுத்துக்கொண்டே வரும், ஏனென்றால் தீ படுகிற மண்டைப்பகுதி 250 டிகிரிக்கு மேல் காய்கிறது. குறுக்குவெட்டில் நீள்வட்டம்: கஜன் பின் போகும் திசையில் விட்டம் குறைவு, அதற்குச் செங்குத்தான திசையில், சுவரோடு அழுத்திப் போய்வருகிற பக்கத்தில் கூடுதல். சூடேறும்போது விரிவின் பெரும்பங்கு கஜன் பின் திசையில் போய், பிஸ்டன் வட்டத்தை நெருங்குகிறது. அந்தக் காலத்து வார்ப்பு பிஸ்டன்கள் பலவற்றில் மண்டைக்கும் ஸ்கர்ட்டுக்கும் இடையே கீறல்போல ஓர் இடைவெட்டு இருக்கும், மேலேயிருந்து சூடு ஸ்கர்ட்டுக்கு இறங்காதிருக்க. சிலவற்றில் ஸ்கர்ட் வெளிப்பக்கம் விரியாதபடி எஃகுப் பட்டையை உள்ளே வைத்தே வார்த்திருப்பார்கள். இப்படிக் கட்டுப்போட்ட பிஸ்டன் குளிரில் 0.02 மி.மீ. இடைவெளியோடு பிழைக்கும். அடித்துச் செய்த பிஸ்டனுக்குள் எஃகுப் பட்டையை வைக்க முடியாது. பெரும்பாலும் இடைவெட்டும் இருக்காது. அது கட்டின்றி விரியும், ஆகவே கூடுதல் இடம் கேட்கும்.

எந்த இடத்தில் அளப்பது என்பதும் இதோடு ஒட்டிய கேள்வி. 18ஜியின் கையேடு ஸ்கர்ட்டின் மேற்பகுதிக்கு 0.091 முதல் 0.114 மி.மீ. என்கிறது, அடிப்பகுதிக்கு அதில் பாதி. ஒரே பிஸ்டன், ஒரே போர், இரண்டு விடை. ‘மூணு தௌ விட்டேன்’ என்று மட்டும் ஒருவர் சொன்னால் அவர் இதுவரை எதையும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் எதிர்முகாமும் எழுந்து நிற்கும். ‘அப்படியானால் கையேட்டை அப்படியே பின்பற்றுவோம், ஜாகுவாரைவிட ஜாகுவாரைப் பற்றி யாருக்குத் தெரியும்?’ என்பது அவர்கள் வாதம். மரியாதைக்குரிய வாதம்தான், ஆனால் லூஸ் முகாமின் அதே பிழையை எதிர்ப்பக்கமிருந்து செய்கிறது. 1960களின் கையேட்டில் உள்ள எண், 1960களில் அந்த ஆலை பெட்டியில் போட்டு அனுப்பிய பிஸ்டனைப் பற்றியது. இன்று பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது வேறு கலவை, வேறு ஸ்கர்ட். புதிய 2618 பிஸ்டனைப் பழைய வார்ப்பு பிஸ்டனின் 0.02 மி.மீ.க்குள் இறக்கினால், முதல் முறை மேட்டில் அழுத்தி ஓட்டும்போது சுவரைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தே தீரும்.

லூஸ் வாதம் இத்தனை செல்வாக்கு பெற்றதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். கையேட்டு அளவுக்குப் புது பிஸ்டன் போட்டு எஞ்சின் போனால், ஊரெல்லாம் பரவுகிற செய்தி ‘டைட்டாகப் போட்டான், போய்விட்டது’ என்பதுதான். வேறு பிஸ்டனின் தாளைப் பார்த்துப் போட்டான் என்று யாரும் சொல்வதில்லை. அப்படிப் போன ஒவ்வோர் எஞ்சினும் லூஸ் கட்சிக்குப் பிரசாரம் செய்துவிட்டுத்தான் சாகிறது.

லூஸாகப் போட்டவருக்கு என்ன ஆகிறது? உடனே ஒன்றும் ஆகாது, அங்கேதான் ஏமாற்றமே. காலையில் ஸ்டார்ட் செய்தால் தட்டுகிற சத்தம், சூடானதும் மறைந்துவிடும். சத்தம் போய்விட்டது, ஆகவே குறையும் போய்விட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இடைவெளி அதிகமானால் பிஸ்டன் ஒவ்வொரு முறையும் பின்னைச் சுற்றி ஆடிக்கொண்டு பக்கம் மாறுகிறது. அது ஆடினால் அதன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிற ரிங்கும் சாய்கிறது. சுவரோடு தட்டையாகப் படிய வேண்டிய ரிங்கின் முகம் இரு விளிம்பிலும் மாறிமாறி உரசி உருண்டுபோகிறது. எரிந்த வாயு கீழே இறங்கும், ஆயில் மேலே ஏறும். உருண்ட முகத்தைத் திரும்பத் தட்டையாக்க வழி கிடையாது. ஓடுகிற எஞ்சின்தான், இப்போதைக்குப் புகைக்காத எஞ்சின்தான், ஆனால் தயாரிப்பாளர் தந்த ஆயுளில் ஒரு பகுதியைக் கட்டின அன்றே செலவழித்துவிட்ட எஞ்சின்.

சிலிக்கன் நிறைந்த வார்ப்பு பிஸ்டனுக்கு இந்தத் தட்டல் இன்னும் ஆகாது. கடினமான கலவை, வளைந்துகொடுக்காது, ஸ்கர்ட்டில் வெடிப்பு விழும். ‘அடித்துச் செய்த பிஸ்டன் கொஞ்சம் தட்டினாலும் தாங்கிக்கொள்ளும்’ என்ற பந்தயக் களத்து அனுபவத்தை இதன்மேல் ஏற்றுவது அறியாமை.

ரிங்கின் வாய் இடைவெளியையும் கணக்கில் எடுங்கள். போரின் விட்டம் 0.05 மி.மீ. கூடினால் சுற்றளவு 0.157 மி.மீ. கூடுகிறது, செட்டாக வாங்கிப் போடுகிற ரிங்கின் வாயும் அதே அளவு திறக்கிறது. 80 மி.மீ. போரில் வழக்கமான வாய் இடைவெளி 0.3 மி.மீ. சொச்சம். பயத்துக்குச் சேர்த்த இரண்டு தௌ, அதில் பாதியை ஓசையில்லாமல் கூட்டிவிட்டது.

இன்னொரு செலவும் உண்டு. பழைய கார்களுக்கே உரியது. பி-சீரிஸ் பிளாக்குக்கு ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 0.010, 0.020, 0.030, 0.040 அங்குலம் என்று படிப்படியாக வரும். ஒவ்வொரு படி ஏறும்போதும் சுவர் மெலிகிறது. படிகள் தீர்ந்தால் ஸ்லீவ் போட வேண்டும், இல்லை வேறு பிளாக் தேட வேண்டும். காரோடு பிறந்த எண் கொண்ட பிளாக்குக்குத் தனி விலை போகிற சந்தையில், சீக்கிரம் தேயும்படி போர் போடுவது அடுத்த படியை இப்போதே தின்பதற்குச் சமம்.

லூஸ் கட்சியின் பலமான வாதத்தை நான் தவிர்த்துவிட்டுப் போகக் கூடாது. ‘இரண்டு தவறும் சமமா? டைட்டான தவறு ஒரே நாளில் கொல்லும். லூஸான தவறு பத்து வருடம் எடுத்துக்கொள்ளும். ஆகவே தவறுவதாக இருந்தால் லூஸ் பக்கம் தவறுவதே புத்தி.’ சமமல்ல என்பதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சமமின்மை பிஸ்டனைச் செய்தவருக்குத் தெரியாதா? தன் பெயர் போட்ட பொருள் வாடிக்கையாளரின் சிலிண்டரில் பிடித்துக்கொள்வதை எந்தத் தயாரிப்பாளரும் விரும்புவதில்லை. அவர் தாளில் அச்சிட்ட குறைந்தபட்ச அளவு, விரிவும் கோணலும் மோசமான ஓட்டுநரும் சேர்த்துப் பார்த்து, பயத்துக்கு வேண்டியதையும் கூட்டியபின் வந்த அளவு. அதன்மேல் பட்டறைக்காரர் ஒரு தௌ சேர்க்கிறார். காரின் சொந்தக்காரர் ‘எதற்கும் இன்னொன்று’ என்கிறார். ஒரே பயத்துக்கு மூன்று பேர் விலை கொடுக்கிறார்கள்.

மூன்று பேர் என்பதும் சில சமயம் குறைவு. பிஸ்டன் மண்டையில் +020 என்று அடித்திருந்தால், பெரும்பாலும் அது போர் இருக்க வேண்டிய அளவைச் சொல்கிறது: மூல அளவைவிட 0.020 அங்குலம் கூடுதலாகப் போர் போடு, இடைவெளியை நான் பிஸ்டனிலேயே கழித்துவிட்டேன் என்று அர்த்தம். பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்தால் அந்த எண்ணைவிடச் சிறியதாகவே காட்டும். இதை அறியாதவர் +020க்கு போர் போட்டு, அதற்கு மேல் ‘கிளியரன்ஸ்’ என்று இரண்டு தௌவையும் ஹோன் கல்லால் தேய்த்து எடுக்கிறார். இடைவெளி இரட்டிப்பாகிவிட்டது. காரைப் பற்றியும் கையேட்டைப் பற்றியும் மணிக்கணக்கில் விவாதித்தவர்கள் கையிலிருக்கும் பொருளை ஒருமுறை அளந்திருந்தால் போதும்.

எஞ்சின்கள் பிடித்துக்கொள்வதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏன் பிடித்தது என்பதை வெளியே எடுத்த பிஸ்டனே சொல்லும். இடைவெளி போதாமல் பிடித்தால் ஸ்கர்ட்டின் இரு அழுத்தப் பக்கங்களிலும் நடுவில் உரசல் இருக்கும். பின் துளைக்கு இரு மருங்கிலும் நான்கு மூலையில் உரசல் என்றால், மண்டை அளவுக்கு மீறிக் காய்ந்து பிஸ்டன் பின் திசையில் வீங்கியிருக்கிறது: பெட்ரோல் கலவை மெலிந்திருக்கலாம், இக்னிஷன் நேரம் தவறியிருக்கலாம், தண்ணீர் சரியாகச் சுற்றாமலிருக்கலாம். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து எத்தனால் 10 சதவீதம் வரை கலந்த பெட்ரோல் வழக்கமாகிவிட்டது. எத்தனாலில் ஆக்ஸிஜன் உண்டு. பழைய எஸ்யூ கார்புரேட்டரில் ஊசியை மாற்றாமல் அதை ஊற்றினால் கலவை மெலியும். இப்படிக் காய்ந்துபோன எஞ்சினைப் பிரித்து, நான்கு மூலை உரசலைப் பார்த்துவிட்டு, ‘டைட், அடுத்த தடவை இன்னும் லூஸாக’ என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த தடவை ஒருவேளை தப்பிக்கும். கார்புரேட்டர் அப்படியேதான் இருக்கும்.

கூடுதல் தௌவுக்குப் பட்டறைகளில் இருக்கிற மவுசுக்குப் பேசப்படாத காரணம் ஒன்றும் உண்டு. அது அளக்காத கையை மறைக்கிறது. 0.015 மி.மீ. குறைந்தபட்சம், 0.030 அதிகபட்சம் என்றால் நமக்கு அனுமதிக்கப்பட்ட ஊசலாட்டம் 15 மைக்ரான். ஹோனிங் முடித்த கையோடு பிளாக் பக்கத்து மேசையைவிட 20 டிகிரி சூடாக இருந்தால் 80 மி.மீ. போர் 17 மைக்ரானுக்கு மேல் பெருத்துக் காட்டும். அனுமதித்த ஊசலாட்டம் முழுவதும் அந்தச் சூட்டிலேயே போய்விட்டது. பட்டறை 38 டிகிரியில் இருந்து, பிஸ்டனும் பிளாக்கும் ஒன்றாக அதே சூட்டில் இருந்தால், அலுமினியம் கூடுதலாக விரிவதால் இடைவெளி 20 டிகிரியில் இருப்பதைவிட 13 மைக்ரான் குறைவாகத் தெரியும். அளவியல் உலகம் 20 டிகிரியைப் பொது வெப்பநிலையாக வைத்திருப்பது சும்மா இல்லை. இரவு முழுக்கப் பிளாக்கையும் பிஸ்டன்களையும் ஒரே அறையில் வைத்துவிட்டு, விடிகாலையில், கையில் அதிக நேரம் பிடிக்காமல் அளக்கிறவருக்குப் பயத்துக்கு ஒரு தௌ தேவைப்படாது.

அளக்கும் முறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இதை எல்லாப் பட்டறையும் செய்துவிட முடியும், செலவே கிடையாது. பிஸ்டனைத் தயாரிப்பாளர் சொன்ன உயரத்தில், பின்னுக்குச் செங்குத்தாக மைக்ரோமீட்டரால் பிடியுங்கள். மைக்ரோமீட்டரை அதே நிலையில் பூட்டி, அதன் வாய்க்குள் போர் டயல் கேஜை வைத்து முள்ளைப் பூஜ்ஜியத்தில் நிறுத்துங்கள். இனி சிலிண்டருக்குள் முள் காட்டுவது நேராக இடைவெளியே. மைக்ரோமீட்டர் ஐந்து மைக்ரான் பொய் சொன்னாலும் அந்தப் பொய் இரண்டு பக்கமும் இருப்பதால் அடிபட்டுப்போகிறது. மூன்று உயரத்தில், இரண்டு திசையில் பார்த்தால் போர் கூம்பா, கோணலா என்பதும் தெரியும். ஹெட்டை முறுக்கினால் போர் கோணலாகும் என்பதால், ஹெட்டுக்குப் பதிலாகத் தடித்த இரும்புத் தகடு ஒன்றைக் கேஸ்கெட்டோடு அதே முறுக்கில் பூட்டிக்கொண்டு ஹோன் செய்கிற பட்டறைகள் உண்டு, கிடைத்தால் விடாதீர்கள்.

ஃபீலர் கேஜை நான் கேலி செய்யப்போவதில்லை. டாட்சன் 240ஸெட்டின் கையேடே 0.04 மி.மீ. தகட்டைப் பிஸ்டனோடு சேர்த்துச் செருகி, ஸ்பிரிங் தராசில் இழுத்துப் பார்க்கச் சொல்கிறது: 0.2 முதல் 1.5 கிலோவுக்குள் இழுபட வேண்டும். தகட்டின் பருமனும் இழுவிசையும் எண்ணாக எழுதப்பட்ட, ஒழுங்கான சோதனை. நம்மிடம் மிஞ்சியிருப்பது தகடும் ‘கைக்கு நல்லா இருக்கு’ என்கிற தீர்ப்பும்தான். தராசு எங்கேயோ தொலைந்துவிட்டது.

செருப்புக்காகக் காலை வெட்டுவதை மடமை என்போம்; இந்தத் தொழிலில் அதுதான் முறை. முதலில் பிஸ்டன் வர வேண்டும். நான்கையும் அளந்து எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய சிலிண்டரை வெட்ட வேண்டும். ஒரே பெட்டியில் வந்த நான்கு பிஸ்டன்களும் ஓரிரு மைக்ரான் வித்தியாசப்படும். நடைமுறையிலோ, பிளாக் முதலில் போகிறது, ஓவர்சைஸ் எண்ணைச் சொல்லி நான்கையும் ஒரே அளவில் வெட்டுகிறார்கள், பிஸ்டன் அடுத்த மாதம் வருகிறது. அதன் தாளைப் பிரித்துப் பார்க்கும்போது போர் ஏற்கெனவே பெரிதாகிவிட்டது. ஸ்கர்ட்டில் கிராஃபைட் பூச்சு இருந்தால் பூச்சோடு அளப்பதா, பூச்சு நீங்கலாக அளப்பதா என்பதும் அந்தத் தாளில்தான் இருக்கும்.

சில தயாரிப்பாளர்கள் இந்த விவாதத்துக்கே இடம் வைக்கவில்லை. ஆல்ஃபா ரோமியோவின் நான்கு சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில், அலுமினிய பிளாக்குக்குள் உட்காரும் இரும்பு லைனரும் பிஸ்டனும் ஒரே செட்டாக, அளவு பொருத்தப்பட்டு வருகின்றன. பட்டறைக்காரர் போர் வெட்டுவதே இல்லை. போர்ஷே 1973ஆம் ஆண்டு கரேரா ஆர்எஸ் காரில் நிக்காசில் பூச்சு பூசிய அலுமினிய சிலிண்டரைக் கொண்டுவந்தபோது, சுவரும் பிஸ்டனும் ஒரே உலோக இனமாகிச் சேர்ந்தே விரிந்தன; இரும்புச் சுவருக்கு வேண்டிய கூடுதல் இடம் அங்கே வேண்டியதில்லை. அங்குலத்துக்கு ஒரு தௌ சூத்திரத்துக்கு இதில் எந்த எண்ணைப் போடுவது?

சூப்பர்சார்ஜர் வைத்தவர்களும் பந்தயத்துக்குப் போகிறவர்களும் கூடுதலாக விடத்தானே வேண்டும் என்று கேட்பார்கள். ஆமாம், விடத்தான் வேண்டும். எவ்வளவு என்பதை அவர்களும் யூகிக்க வேண்டியதில்லை. பந்தய பிஸ்டன்களின் தாளில் சாலைக்கு ஒரு வரி, கூடுதல் அழுத்தத்துக்கு ஒரு வரி என்று தனித்தனியே இருக்கும். வாரக்கடைசியில் கடற்கரைச் சாலையில் அறுபது, எழுபதில் போய்வருகிற கார், தன் பிஸ்டனுக்குரிய சாலை வரியை விட்டுவிட்டு பந்தய வரியைப் படிப்பது வெறும் ஆசை.

தாளே இல்லாத பிஸ்டன் ஒன்று பாக்கி இருக்கிறது. யாரோ ஒருவர் பரணில் அறுபது வருடமாக மெழுகுத்தாளில் சுற்றி வைத்திருந்த, பெட்டி கிழிந்த, பயன்படுத்தாத பழைய செட். இங்கே கையேட்டைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது, ஆனால் அதற்கு முன் அது எந்தக் கையேட்டுக்குரிய பிஸ்டன் என்று நிச்சயப்படுத்த வேண்டும். எம்ஜிபி என்றால் முதலில் பின் துளையைப் பாருங்கள்: இரு முனையிலும் சர்க்ளிப் பள்ளம் இருந்தால் 18ஜிபி வகை. பள்ளம் இல்லாவிட்டால் அவசரப்படாதீர்கள். பழைய 18ஜியாகவும் இருக்கலாம், பின்னைக் கனெக்டிங் ராடில் அழுத்திப் பொருத்திய பிந்தைய எஞ்சின்களுடையதாகவும் இருக்கலாம், பின்னையும் ராடையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பிறகு ஸ்கர்ட்டின் மேலும் கீழும் அளந்து, இரண்டுக்குமுள்ள வித்தியாசம் கையேட்டின் இரண்டு வரிசைகளோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். பொருந்தினால் அந்த அட்டவணைப்படியே போர் போடலாம். பொருந்தாவிட்டால் அந்த செட்டை அலமாரியில் அழகுக்கு வைத்துவிட்டு, தாளோடு வருகிற புதிய செட்டுக்குப் பணம் கட்டுங்கள்.